கணக்குப் போட்ட பெர்லின் குதிரை: ஹான்ஸ் உண்மையில் என்ன கற்றது?

பெர்லின், 1904. நகரின் வடக்குப் பகுதியில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே கல் பாவிய ஒரு முற்றம். அங்கே ஒரு குதிரை நிற்கிறது. பக்கத்தில், நரைத்த தலையில் அகலமான கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். சுற்றிலும் கூட்டம்.

“ஐந்தில் இரண்டு பங்கையும், இரண்டில் ஒரு பங்கையும் கூட்டினால் எவ்வளவு?” என்று கேட்கிறார் பெரியவர்.

குதிரை வலது முன்னங்காலைத் தூக்கி 9 முறை தட்டுகிறது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் 10 முறை தட்டுகிறது. அதாவது, பத்தில் ஒன்பது. சரியான விடை!

பின்னம் என்றாலே இன்றைக்கும் பலர் போனில் கால்குலேட்டரைத் தேடுவோம். அன்றைக்கு ஒரு குதிரை அதைக் குளம்பால் தட்டிச் சொன்னது. “மாதத்தின் 8-ம் தேதி செவ்வாய்க்கிழமை என்றால், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை என்ன தேதி?” என்று கேட்டால் 11 முறை தட்டியது. பெர்லினே அசந்துபோனது. அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் வரைக்கும் செய்தி போனது.

குதிரையின் பெயர் ஹான்ஸ். ‘புத்திசாலி ஹான்ஸ்’ என்றுதான் உலகம் அதை அழைத்தது. அதுக்குக் கணக்கு தெரியாது என்பது சீக்கிரமே நிரூபணமாகிவிட்டது. ஆனால், அந்தக் குதிரை நிஜத்தில் எதைக் கற்றுக்கொண்டது என்ற கதைதான் இன்றைக்கும் பாடம். குதிரைக்கு வித்தை கற்றுக்கொடுக்க நினைப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஏஐ மென்பொருள் எழுதுபவர்களுக்கும்கூட.

யார் இந்த வாத்தியார்?

வில்ஹெல்ம் வான் ஆஸ்டன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். விலங்குகளுக்கும் மனிதனைப் போல யோசிக்கத் தெரியும், யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான் என்பது அவருடைய நம்பிக்கை. பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்லித் தருவதுபோலவே ஹான்ஸுக்குச் சொல்லித் தந்தார். முதலில் மரக்கட்டைகளை வைத்து எண்ணுவது, அப்புறம் மணிச்சட்டம், அப்புறம் கரும்பலகை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கிட்டத்தட்ட நாலு வருஷம்.

சரியாகச் சொன்னால் ஒரு துண்டு கேரட் அல்லது ரொட்டி. சவுக்குக்கு வேலையே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் காசும் வாங்கவில்லை. அதனால் “இவர் ஏமாற்றுக்காரர்” என்று யாராலும் சட்டென்று சொல்ல முடியவில்லை.

சரி, விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று 1904 செப்டம்பரில் 13 பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப், பெர்லின் உயிரியல் பூங்கா இயக்குநர், சர்க்கஸ் உரிமையாளர் பவுல் புஷ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். சர்க்கஸ்காரர் எதுக்கு? மிருகங்களுக்கு ரகசிய சைகை கொடுத்து வித்தை காட்டுவது எப்படி என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

குழுவின் முடிவு: தெரிந்தே செய்யும் ஏமாற்று வேலை எதுவும் இங்கே இல்லை.

இன்னொரு விஷயமும் குழப்பியது. வான் ஆஸ்டன் பக்கத்தில் இல்லாமல், வேறு ஆட்கள் கேள்வி கேட்டாலும் ஹான்ஸ் பெரும்பாலும் சரியாகவே தட்டியது. அப்படியென்றால் நிஜமாகவே கணக்கு தெரியுமோ?

ஒரே ஒரு மாற்றம், குட்டு உடைந்தது

ஸ்டும்ஃப் இந்தப் புதிரைத் தன் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கையில் ஒப்படைத்தார். முற்றத்திலேயே ஒரு கூடாரம் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சோதனைகளை ஆரம்பித்தார் ஃபுங்ஸ்ட்.

அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. எண் எழுதிய அட்டைகளைக் குதிரையிடம் காட்டச் சொன்னார். ஒரு சுற்றில், அட்டையில் என்ன எண் இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். இன்னொரு சுற்றில், கேட்பவருக்கே தெரியாது. குதிரைக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்பவருக்கு விடை தெரிந்தபோது, பத்தில் ஒன்பது கேள்விக்கு மேல் சரியான பதில். தெரியாதபோது, பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அடுத்து, குதிரையின் கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பு கட்டினார். கேட்பவரைப் பார்க்க முடியாமல் போனதும் ஹான்ஸ் தடுமாறியது. கழுத்தை வளைத்து வளைத்து எப்படியாவது அவரைப் பார்த்துவிடத் துடித்தது. அதாவது, விடை எழுதியிருந்த இடம் கரும்பலகை அல்ல. கேள்வி கேட்டவரின் உடம்பு.

அங்கே என்ன நடந்தது என்றால், கேள்வி கேட்டு முடித்ததும் எண்ணுவதற்காக எல்லோரும் தன்னையறியாமல் குதிரையின் காலைப் பார்க்கத் தலையை லேசாகக் குனிவார்கள். உடனே ஹான்ஸ் தட்ட ஆரம்பிக்கும். சரியான எண்ணிக்கை வரும்வரை அவர்களுக்குள் ஒரு பதற்றம். வந்ததும் ‘அப்பாடா’ என்று தலை ஒரு துளி நிமிரும். சில நேரம் அது ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. ஹான்ஸ் நிறுத்திவிடும்.

இதை உறுதிப்படுத்த ஃபுங்ஸ்ட் இன்னொரு காரியமும் செய்தார். ஆய்வகத்தில் அவரே குதிரையாக மாறினார். வந்தவர்களை மனசுக்குள் ஒரு எண்ணை நினைக்கச் சொல்லி, தன் கையால் தட்டினார். அவர்களின் தலை அசைவை மட்டும் பார்த்து எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தார். 25 பேரில் 23 பேர் அந்த சைகையைத் தங்களுக்கே தெரியாமல் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இதுதான்: இவ்வளவும் தெரிந்த பிறகும், ஹான்ஸ் முன்னால் நின்றபோது ஃபுங்ஸ்ட்டால்கூட அந்த அசைவை முழுசாக அடக்க முடியவில்லை.

அப்போ வாத்தியார் தோற்றுவிட்டாரா?

வான் ஆஸ்டன் இடிந்துபோனார். தன்னை ஏமாற்றியது குதிரைதான் என்பதுபோல முதலில் அதன் மேலேயே கோபப்பட்டார். பிறகு பழைய நம்பிக்கைக்கே திரும்பி, இனி சோதனை எதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார். 1909-ல் இறந்தார். வேறொருவர் கைக்குப் போன ஹான்ஸ், 1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் போல ராணுவத்துக்கு இழுத்துக்கொள்ளப்பட்டது. வீடு திரும்பவில்லை.

ஒரு கோணத்தில் இது தோற்றுப்போன கதை. ஆனால், இன்னொரு கோணத்திலும் பாருங்கள். நாலு வருஷமாக அந்த முற்றத்தில் ஒரு பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. வாத்தியார் கணக்கு சொல்லிக்கொடுப்பதாக நினைத்தார். மாணவனோ, ‘எந்த நொடியில் நிறுத்தினால் கேரட் கிடைக்கும்?’ என்பதைக் கற்றுக்கொண்டது. கேரட்டுக்கு முன்னால் தவறாமல் வந்தது வாத்தியாரின் தலை நிமிர்வு. அதைப் பிடித்துக்கொண்டது. கற்பித்தலும் நடந்தது, கற்றலும் நடந்தது. பாடம் மட்டும் வேற!

குதிரையின் தரப்பில் இதில் ஆச்சரியமே இல்லை. திறந்த புல்வெளியில், பாய்ந்து வரும் மிருகத்திடமிருந்து தப்பிப் பிழைத்த இனம் அது. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், கிட்டத்தட்ட 350 டிகிரி சுற்றளவைத் தலை திருப்பாமலே பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும்தான் சின்ன மறைவிடங்கள். கூட்டத்தில் ஒரு குதிரையின் காது விடைத்தாலே மற்றவை ஓடத் தயாராகிவிடும். உடம்பு மொழியைப் படிப்பதுதான் அதன் தாய்மொழி.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்த்ததும் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. சிரித்த முகத்துக்கு அப்படி இல்லை. வெறும் புகைப்படத்துக்கே இப்படி என்றால், நேரில் நிற்கும் ஆளின் முகத்தை எவ்வளவு கவனிக்கும்!

வித்தை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

இன்றைய பயிற்சியாளர்கள் ஹான்ஸின் ரகசியத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். அடிப்படை விதி ஒன்றுதான். குதிரை நீங்கள் ‘சொல்வதை’ கற்றுக்கொள்ளாது, எந்தச் செயலுக்கு அடுத்த நொடியே நல்லது நடக்கிறதோ அந்தச் செயலைக் கற்றுக்கொள்ளும்.

‘நல்லது’ இரண்டு வகை. ஒன்று, தீனி கிடைப்பது. மற்றொன்று, அழுத்தம் விலகுவது. குதிரையின் விலாவில் காலால் மெல்ல அழுத்துகிறோம். ஒரு அடி எடுத்து வைத்ததும் அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். அந்த விடுதலைதான் அதுக்குப் பரிசு. சவாரிப் பயிற்சியில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. பரிசோ விடுதலையோ, சில விநாடி தாமதமானால் போச்சு. அதற்குள் குதிரை வேறு ஏதாவது செய்திருக்கும். அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

கூட்டத்துக்கு முன் முன்னங்காலை நீட்டித் தலை தாழ்த்தி ‘வணக்கம்’ வைக்கும் வித்தையையே எடுத்துக்கொள்வோம். பல பயிற்சியாளர்கள் பின்பற்றும் படிகள் இவை:

முதல் படி, தீனிப் பழக்கம். பையை மோப்பம் பிடித்தாலோ, கையைக் கவ்வ வந்தாலோ எதுவும் கிடைக்காது. முகத்தை நேராக வைத்து அமைதியாக நின்றால்தான் கேரட். இதைச் சரிசெய்யாமல் வித்தைக்குப் போனால், கடிக்கும் குதிரைதான் மிஞ்சும்.

இரண்டாவது, ஒரு சத்தம். ‘க்ளிக்கர்’ என்ற சின்னக் கருவியை அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். ஒவ்வொரு ‘டிக்’குக்குப் பிறகும் ஒரு துண்டு கேரட். சில நாளிலேயே, ‘டிக்’ என்றால் ‘நீ இப்போ செஞ்சது சரி’ என்று குதிரைக்குப் புரிந்துவிடும். தீனி கைக்கு வர இரண்டு விநாடி ஆனாலும், சரியான நொடியைச் சத்தம் குறித்துவிடும்.

மூன்றாவது, இலக்கு. குச்சி நுனியில் கட்டிய பந்தை மூக்கால் தொட்டால் ‘டிக்’. அப்புறம் பந்து கொஞ்சம் கீழே. அப்புறம் முன்னங்கால்களுக்கு நடுவே. அப்புறம் இன்னும் பின்னால். மூக்கு பந்தைத் தேடிப் போகப் போக, உடம்பின் எடை பின்பக்கம் சாய்ந்து, முன்பகுதி தாழும். அதுதான் வணக்கம்.

நாலாவது, பெயர் வைப்பது. செயல் நன்றாக வந்த பிறகுதான் ‘வணக்கம்’ என்ற சொல். கடைசியாக, குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் அடிப்பார்கள்.

ஒரு பாடம் 5 முதல் 10 நிமிஷம் போதும். குதிரை குழம்பினால், ஒரு படி பின்னால் போய், தெரிந்ததைச் செய்ய வைத்து, பரிசு கொடுத்து முடிப்பதுதான் வழக்கம். மூட்டு வலி, முதுகுப் பிரச்சினை உள்ள குதிரையை இதற்கு இழுக்கக் கூடாது. பின்னங்காலில் எழுந்து நிற்கும் வித்தை பார்க்கக் கெத்தாக இருக்கும். ஆனால், கற்றுக்கொண்ட குதிரை கேட்காத நேரத்திலும் அதைச் செய்து பார்க்கும் என்பதால், அனுபவசாலிகளே அதைத் தள்ளி வைப்பார்கள்.

தெரியாமலே கற்றுக்கொடுக்கும் வித்தைகளும் உண்டு. தீனி நேரத்தில் குதிரை லாயக் கதவை ‘டம் டம்’ என்று உதைக்கும். சத்தம் தாங்காமல் ‘சரி, முதல்ல இதுக்குப் போட்டுடுவோம்’ என்று ஓடினால், அன்றைய பாடம் முடிந்தது: ‘கதவை உதைத்தால் சாப்பாடு சீக்கிரம் வரும்.’

‘ஹான்ஸ் டெஸ்ட்’ வெச்சுப் பாருங்க

“என் குதிரைக்கு ‘வணக்கம்’ என்ற வார்த்தை புரியும்” என்று ஒருவர் சொன்னால், சோதிப்பது சுலபம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்று, அதே வார்த்தையைச் சொல்லட்டும். அப்புறம் திரும்பி நின்று சொல்லட்டும். அப்புறம் வித்தையே தெரியாத ஒருவர் சொல்லட்டும்.

பெரும்பாலும் குதிரை திருதிருவென்று முழிக்கும். காரணம், ‘வணக்கம்’ என்று சொல்லும்போதெல்லாம் பயிற்சியாளரும் தன்னையறியாமல் லேசாகக் குனிந்திருப்பார். அதைத்தான் குதிரை படித்திருக்கும். தப்பு குதிரை மேல் இல்லை.

வலியால் ஆட வைத்தால்?

இதுக்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் வரும் குதிரைகள் சிலவற்றின் வாயில், உள்பக்கம் முள் வைத்த கடிவாளம் மாட்டப்படுவது பலமுறை புகாராகியிருக்கிறது. குதிரையின் கீழ்த்தாடையில் பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். எலும்புக்கு மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கும் இடம் அது. அங்கே முள் அழுத்தினால் குதிரை தலையை உதறும், கால் மாற்றி மாற்றி வைக்கும். மேளச் சத்தத்தில் பார்ப்பவர்களுக்கு அது ஆட்டமாகத் தெரியும்.

முள் வைத்த கடிவாளத்தை 1965-ம் ஆண்டின் பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. விதி வந்து 60 வருஷம் ஆகிவிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கற்பித்தல் கணக்கிலும் இது நஷ்டம்தான். எது செய்தாலும் வலி நிற்காது என்றால், குதிரைக்குக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. பயம் மட்டும்தான் பதியும்.

அன்பு வழிக்கும் அதே 1904-ல் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ‘ஜிம் கீ’ என்ற குதிரை எழுத்துக்கூட்டிக் காட்டியது, கல்லாப்பெட்டியிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தது. அதன் பயிற்சியாளர் வில்லியம் கீ, அடிமையாகப் பிறந்து, தானாகவே கால்நடை வைத்தியம் கற்றுக்கொண்டவர். பொறுமையும் அன்பும்தான் தன் முறை, சவுக்கு இல்லை என்று மேடைக்கு மேடை சொன்னார். குதிரைக்கு எழுத்து புரிந்ததா என்பது வேறு கேள்வி. அடிக்காமல் கற்றுத்தர முடியும் என்பதை ஊர் ஊராகக் காட்டியது அந்த ஜோடி.

நமக்கு ஏன் இது முக்கியம்?

அறிவியலில் இந்தச் சிக்கலுக்கு ‘புத்திசாலி ஹான்ஸ் விளைவு’ என்றே பெயர். புது மருந்தைச் சோதிக்கும்போது, யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பதைக் கொடுக்கும் டாக்டருக்கும் சொல்லாமல் மறைப்பதன் பின்னால் இருப்பதும் இதே எச்சரிக்கைதான். விடை தெரிந்தவரின் முகமே விடையைச் சொல்லிவிடும்.

2011-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், 18 மோப்ப நாய்களையும் அவற்றின் பயிற்சியாளர்களையும் ஒரு கட்டடத்துக்குள் தேட விட்டார்கள். போதைப்பொருளோ வெடிபொருளோ அங்கே எதுவுமே இல்லை. ஆனால், சில இடங்களில் இருக்கலாம் என்று பயிற்சியாளர்களை நம்ப வைத்திருந்தார்கள். ‘நாய் கண்டுபிடித்துவிட்டது’ என்ற தகவல் வந்துகொண்டே இருந்தது. அதுவும் பயிற்சியாளர்கள் நம்பிய இடங்களில்தான் அதிகம்.

இயந்திரமும் விதிவிலக்கு இல்லை. 2019-ல், அதே பெர்லின் நகர ஆய்வாளர்கள், படங்களில் குதிரையை அடையாளம் காணும் ஒரு ஏஐ மென்பொருளை ஆராய்ந்தார்கள். நன்றாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஆனால், எதைப் பார்த்து? குதிரையைப் பார்த்து இல்லை. பயிற்சிக்குக் கொடுத்த குதிரைப் படங்கள் பலவற்றின் மூலையில், படம் எடுத்தவரின் பெயர்க்குறிப்பு ஒன்று இருந்திருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொண்டது. அந்தக் குறிப்பை ஒரு கார் படத்தில் ஒட்டியபோது, மென்பொருள் ‘குதிரை’ என்றது!

எனவே, ‘சரியாத்தானே சொல்லுது’ என்று திருப்திப்படும் முன், ‘எதை வெச்சு சொல்லுது?’ என்று கேட்பது நல்லது. குதிரையோ, மென்பொருளோ, நம் முகத்தைப் பார்த்து ‘ஆமா சார்’ போடும் டீம் மெம்பரோ, யாராக இருந்தாலும்.

112 ஆண்டுகள் கழித்து...

ஹான்ஸ் கதையில் ஒரு குறை இருக்கிறது. எல்லோரும் அதனிடம் தங்கள் கேள்விகளைத்தான் கேட்டார்கள். அதுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

2016-ல் நார்வே ஆய்வாளர்கள் அதைக் கேட்டார்கள். 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளை அறிமுகப்படுத்தினார்கள். ஒன்றுக்கு ‘போர்வை போத்தி விடு’ என்று அர்த்தம். இன்னொன்றுக்கு ‘போர்வையை எடுத்துவிடு’. மூன்றாவது, ‘இருப்பது போலவே இருக்கட்டும்’. எதை மூக்கால் தொடுகிறதோ அதைச் செய்வார்கள். தினமும் சில நிமிஷப் பாடம். இரண்டு வாரத்துக்குள் 23 குதிரைகளும் கற்றுக்கொண்டன.

குளிரும் மழையுமாக இருந்த நாளில் குதிரைகள் போர்வையைக் கேட்டன. வெயில் அடித்த நாளில் எடுத்துவிடச் சொன்னன. தங்கள் பேச்சு எடுபடுகிறது என்று புரிந்ததும், சில குதிரைகள் பயிற்சியாளர்களைத் தாங்களாகவே கூப்பிட ஆரம்பித்தன.

மூக்கால் ஒரு பலகையைத் தொடுவது, வித்தைகளிலேயே சின்ன வித்தை. கைத்தட்டல் வாங்காது. ஆனால், அதில் பதில் சொன்னது குதிரை. கேட்டுக்கொண்டது மனிதன்.